யாரை எங்கே நிறுத்துவது?

பாலாற்றங்கரையில், வாலாஜாபேட்டை முதலிய ஊர்களில் பந்துதைத்து வளரும் மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. குழுவில் திறமையாளர் பலரிருப்பின், யாரை எவ்விடத்தில் நிறுத்துவது? ஜகார்த்தாவில் 1962ஆம் ஆண்டு நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதற்கு விடைகண்டவர், இந்தியக் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர், ஐதராபாத் சையத் அப்துல் ரகீம்.

முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை வென்றது. ஆனால் அவ்வாட்டத்தில் தற்காப்பின் தூணாகிய ஜர்னெயில் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையலிட நேர்ந்தது. அவரை ஓய்வில் அமர்த்துவதே எவருக்கும் தோன்றும். ரகீமோ, அரையிறுதியில் அவரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து, தாக்குதலின் நடுவே நிறுத்தினார்! காயம்பட்ட தலையுடன் வந்த பந்தையெல்லாம் முட்டி விலக்குவதினும், வேண்டியபோது பாய்ந்து அடிப்பது அவருக்கு எளிதன்றோ? அவர் கோலும் அடித்தார். தெற்கு வியட்நாம் 3–2 எனத் தோற்றது.

இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியா. கோல் காக்க யாரை அனுப்புவது? அரையிறுதியில் காத்தவர் பிரத்யுத் பர்மன். காய்ச்சலால் ஒதுங்கியிருந்த பீட்டர் தங்கராஜோ, நீலகிரி வெலிங்டனில் சென்னை ரெஜிமெண்ட் குழுவில் ஆடியவர். இளமையில் முன்வரிசையில் ஆடிப் பின் கோல் காவலரானவர். ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடையவர். வென்ற குழுவைக் கலைப்பது துணிச்சலான செயல். எனினும் ரகீம் தங்கராஜையே தேர்ந்தார்.

செப்டம்பர் 4ஆம் நாள், பி. கே. பானர்ஜியும் ஜர்னெயிலும் முதற்பாதியிலேயே ஒவ்வொரு கோலடித்தனர். கொரியாவுக்கு இறுதி நிமிடங்களில் ஒன்றுதான் கிட்டியது. இந்தியாவுக்குப் பொற்பதக்கம். புற்றுநோயுற்ற ரகீம் 1963 ஜூனில் காலமானார்.