நாலு கூடை, நாலு விலை, ஒரே பேரினம்! - மல்லி, முல்லை, ஜாதி, காக்கடாவை அடையாளம் காண்பது எப்படி?

கோவை மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டுக்குக் காலையில ஒரு தடவை போய்ப் பாருங்க. குண்டுமல்லி, முல்லை, ஜாதிமல்லி, காக்கடான்னு வெள்ளைப் பூ நாலு வகை கூடை கூடையா இருக்கும். விலையும் நாலு விதமா இருக்கும். நம்மில் பலர் நாலையும் 'மல்லி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவோம். அது பெரிய தப்பும் இல்லை. தாவரவியல்படி இந்த நாலும் 'ஜாஸ்மினம்' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த நாலு வேற வேற இனங்கள். அதாவது, சித்தப்பா, பெரியப்பா பிள்ளைங்க மாதிரி.

பூ ஏன் விடியறதுக்கு முன்னாடியே பறிக்கப்படுது, மார்கழியில விலை ஏன் எகிறுது, குண்டுமல்லிக்கு ஏன் விதை கிடைக்கிறதில்லை... இதுக்கெல்லாம் பதில் அந்தச் செடியோட உடம்பிலேயே இருக்கு.

செடியா, கொடியா?

ஜாஸ்மினம் பேரினத்தில் உலகம் முழுக்க சுமார் 200 இனங்கள் இருக்கு. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியான்னு பெரும்பாலும் வெப்பமான பகுதிகள்ல வளருது. ஆலிவ் மரம் இருக்கே, அதோட குடும்பம்தான் மல்லிகையும்.

இந்த இனங்கள்ல சில புதர், பல கொடி. அவரைக்கொடி மாதிரி பச்சைத் தண்டு இல்ல. வயசாக ஆகக் கட்டையாக இறுகும் மரத்தண்டு. ஆனா, பாகற்கொடிக்கு இருக்கிற மாதிரி பற்றுக்கம்பி கிடையாது. பக்கத்துல ஒரு கொம்போ வேலியோ கிடைச்சா தண்டே அதைச் சுத்திக்கிட்டோ, சாஞ்சுக்கிட்டோ மேல ஏறும். எதுவும் கிடைக்கலைன்னா தரையிலேயே படரும். கொழுகொம்பு இல்லாம தவிச்ச முல்லைக்குப் பாரி வள்ளல் தேரையே விட்டுட்டு வந்த கதை நமக்குத் தெரியும். தாவரவியல் கண்ணோட பார்த்தாலும் முல்லைக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது ஒரு தாங்கல்தான்!

அப்போ சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கம் தோட்டத்துல பார்க்கிற குண்டுமல்லி இடுப்பளவு செடியா நிக்குதே? அது விவசாயியோட கத்திரி செய்யற வேலை. வெட்டாம விட்டா அதுவும் நீண்டு, சாஞ்சு, பக்கத்துல இருக்கிறது மேல ஏறப் பார்க்கும்.

பூவை விடுங்க, இலையைப் பாருங்க

கட்டின சரத்துல அடையாளம் கண்டுபிடிக்கறது கஷ்டம். செடியில ரொம்ப சுலபம். இலையைப் பார்த்தாலே போதும்.

குண்டுமல்லி (ஜாஸ்மினம் சம்பக்): காம்புக்கு ஒரே இலை. அகலமா, பளபளப்பா இருக்கும். மொட்டு உருண்டையா, கனமா இருக்கும்.

முல்லை (ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம்): நடுவுல ஒரு பெரிய சிற்றிலை. அதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் குட்டியா ரெண்டு சிற்றிலைகள், காது மாதிரி. 'ஆரிகுலேட்டம்'ங்கிற பேருக்கே 'காது உள்ளது'ன்னுதான் அர்த்தம்.

ஜாதிமல்லி அல்லது பிச்சி (ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம்): ஒரு காம்புல ஐந்து, ஏழுன்னு சிற்றிலைகள் வரிசையா இருக்கும். மொட்டோட வெளிப்பக்கம் லேசான இளஞ்சிவப்பு. சென்ட் தொழிற்சாலைகள் ரொம்பவே தேடுற பூ இது.

காக்கடா (ஜாஸ்மினம் மல்டிஃப்ளோரம்): ஒற்றை இலைதான். ஆனா தண்டையும் இளம் இலையையும் தடவிப் பார்த்தா மெல்லிய ரோமம் கைக்குத் தெரியும். இதழ்கள் ஒல்லியா, நட்சத்திரம் மாதிரி. வாசனை குறைவு.

ராத்திரி வேலை பார்க்கும் பூ

மல்லிகைப் பூவுக்குக் கீழ்ப்பக்கம் நீளமான குழல், மேல விரிஞ்ச இதழ்கள். குழலுக்குள்ள ரெண்டே ரெண்டு மகரந்தத் தாள்கள். வெள்ளை நிறம், நீண்ட குழல், இருட்டினதும் தூக்கும் வாசனை... மூணும் சேர்ந்து ராத்திரியில பறக்கிற அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு.

குண்டுமல்லி சாயங்காலத்துக்கு மேலதான் விரியும். விரிஞ்ச பூவுக்கு மார்க்கெட்டுல மதிப்பு இல்லை. அதனால, இன்னைக்கு விரியப்போற முத்தின மொட்டை இன்னைக்கு விடியறதுக்குள்ளேயே பறிக்கணும். தலையில டார்ச் கட்டிக்கிட்டு, பனியிலயும் பாம்பு பயத்துலயும் குனிஞ்சு நின்னு பெண்கள் பூப்பறிக்கறது இதுக்காகத்தான். காலையில பறிச்ச மொட்டு சாயங்காலம் தலையில விரிஞ்சு மணக்கறது, செடியில நடக்கவேண்டியது நம்ம கூந்தல்ல நடக்கறதுதான்.

வாசனையிலயும் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. 1962-ல் ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து 'மெத்தில் ஜாஸ்மோனேட்' என்ற பொருளைப் பிரிச்செடுத்தாங்க. இலையைப் புழு கடிச்சதும் செடிகள் தங்களைத் தற்காத்துக்கொள்ளத் தயாராக உதவும் ஹார்மோன் வகை இதுன்னு பிற்பாடுதான் தெரிஞ்சது. மல்லியில மட்டுமில்ல, தக்காளி உட்பட பல செடிகள்ல இது இருக்கு. பேர் மட்டும் மல்லியோடது.

பேர்ல மட்டும் மல்லி

செண்டுமல்லி, சூரியகாந்தி குடும்பம். மரமல்லி உயரமான மரம். ஜாஸ்மினத்துக்குச் சொந்தமே இல்லை. 'நைட் ஜாஸ்மின்'னு நர்சரியில கொடுக்கிற இரவுராணி, கத்திரிக்காய் குடும்பம். பவழமல்லி மட்டும் கொஞ்சம் நெருங்கின சொந்தம். ஒரே ஆலிவ் குடும்பம், ஆனா வேற பேரினம். இதுல லின்னேயஸே தடுமாறியிருக்கார். குண்டுமல்லியை 1753-ல் பவழமல்லியோட பேரினத்துல சேர்த்துட்டார். 1789-ல் ஐட்டன் என்பவர்தான் அதை ஜாஸ்மினத்துக்கு மாத்தினார்.

நந்தியாவட்டையை மல்லின்னு நினைச்சு வாங்கிட்டு வர்றவங்களும் உண்டு. இலையைக் கிள்ளிப் பாருங்க. பால் வடிஞ்சா அது மல்லி இல்லை.

இன்னும் ஆழமா போகணுமா? கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட தென்மண்டல மையம் இருக்கு. 1955-ல் தொடங்கினது. தென்னிந்தியா முழுக்கச் சேகரிச்சு உலர்த்தி வெச்ச செடிகளோட 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' அங்கேதான் இருக்கு.

விதை இல்லாத வம்சம்

காட்டு மல்லிகைகள்ல பூ முடிஞ்சதும் ரெட்டையா ஒட்டின கறுப்புப் பழம் காய்க்கும். நம்ம தோட்டத்துக் குண்டுமல்லி காய்க்கிறதே அபூர்வம். அப்போ வம்சம் எப்படித் தொடருது? குச்சி வெட்டி நட்டும், பதியம் போட்டும்தான். ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடம் இப்படி வேர் பிடிச்ச நாற்றுக்குப் பேர்போன ஊர்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. குச்சியில வளர்ற செடி தாய்ச்செடியோட அச்சு அசல் நகல். தாயைத் தாக்கற நோய் பக்கத்து வயல்ல இருக்கிற அத்தனை நகலையும் தாக்கும். முல்லை, பிச்சியில பூவே பச்சையாகி இலை மாதிரி மாறிப்போற ஒரு நோய் உண்டு. அது வந்தா செடி உயிரோட இருக்கும், வருமானம் இருக்காது. அந்த நோயைத் தாங்கணும்னு கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொண்டுவந்த ரகங்கள்தான் கோ.2 முல்லையும் கோ.2 பிச்சியும். 'பாரிமுல்லை'ன்னும் ஒரு ரகம் இருக்கு!

மார்கழியில ஏன் இவ்வளவு விலை?

மல்லிகை புதுத் தளிர்லதான் நல்லா பூக்கும். அதனால குண்டுமல்லியை நவம்பர் கடைசியில தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு வெட்டிவிடுவாங்க. ஜாதிமல்லிக்கு டிசம்பர், முல்லைக்கு ஜனவரி. வெட்டின செடி துளிர்த்துப் பூக்க மார்ச் ஆகிடும். கூடவே பனி வேற மொட்டைக் குறைக்கும். அந்த நேரத்துல பொங்கலும் தை முகூர்த்தமும் வந்தா கிலோ ஆயிரங்களைத் தொடும். கோடையில பூ கொட்டும்போது நிலைமை தலைகீழ். மிஞ்சினது குறைஞ்ச விலைக்கு சென்ட் தொழிற்சாலைக்குப் போகும். 1,000 கிலோ பூவிலிருந்து அங்கே கிடைக்கிற வாசனை மெழுகு சுமார் 3 கிலோதான்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. சத்தி மல்லிக்கும் அதுக்கும் இனம் ஒண்ணுதான். மண்ணும் வெயிலும்தான் வேற. பிலிப்பைன்ஸ் 1934-ல் தேசிய மலரா அறிவிச்சதும் இதே ஜாஸ்மினம் சம்பக்தான்.

மாடியில ஒரு குண்டுமல்லித் தொட்டி வெச்சிருக்கீங்களா? நல்ல வெயில் படுற இடத்துல வைங்க. நவம்பர் கடைசியில தயங்காம வெட்டிவிடுங்க. வெட்டின குச்சியை எறியாம நட்டுப் பாருங்க. குண்டுமல்லி இத்தனை தலைமுறையா வந்து சேர்ந்ததே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன அந்தக் குச்சியாலதான். பூக்காரம்மாகிட்ட அடுத்த தடவை முழத்துக்குப் பேரம் பேசறதுக்கு முன்னாடி, அந்த மொட்டைப் பறிச்ச நேரத்தையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க.