பெற்றோல் போத்தலும் பழைய ஒஸ்ரினும்

அண்மையில் என் மருமகன் பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கினான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் கார்களுக்குக் கதவு திறந்த நாட்டில், பழைய காருக்கும் புதிய காரின் விலைதான். வாங்கிய மூன்றாம் வாரம் அது நின்றுவிட்டது. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கிறது, பற்றிக்கொள்ள மறுக்கிறது. வந்த மெக்கானிக் ஒரு சிறு கருவியைச் செருகினார். அதன் திரையில் ஓர் இலக்கம் தோன்றியது. சுழல்தண்டின் நிலையை அறியும் சென்சர் பழுது என்றார். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

"இந்தக் கருவி இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள் மாமா?" என்று மருமகன் கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில் ஒரு காரைப் பற்றியது மட்டுமன்று. ஒரு குடாநாட்டின் ஐந்தாண்டு வரலாற்றையும் சேர்த்தே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், உலர் மின்கலம், சீமெந்து, உரம் என்று தடைப் பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாக அனுமதிக்கப்பட்டது. அப்போது எங்கள் வீதிகளில் வாடகைக்கு ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட நாளிலிருந்து இவற்றைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டப் பழகியிருந்தோம். ஏ-40 வெளிவந்தது 1947இல். 1,200 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட அந்த எளிய வாகனம், தன்னை வடிவமைத்தவர்கள் கனவிலும் நினைத்திராத சோதனை ஒன்றை எங்கள் ஊரில் எதிர்கொண்டது.

ஒரு பெற்றோல் எஞ்சின் சுழன்றும் இயங்கவில்லையென்றால் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். எரிபொருள் ஆவியாகிச் சிலிண்டருக்குள் செல்கிறதா? தீப்பொறி உரிய வேளையில் விழுகிறதா? காற்றும் எரிபொருளும் போதிய அளவு அழுத்தப்படுகின்றனவா? மண்ணெண்ணெயின் தொல்லை முதலாவதில் இருந்தது. பெற்றோலின் ஆவி சுழியத்துக்கு 40 பாகை கீழேயும் தீப்பற்றக்கூடியது. மண்ணெண்ணெய்க்கோ ஏறக்குறைய 38 பாகை சென்ரிகிரேட்டாவது வேண்டும். மார்கழிக் காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குள் அது ஆவியாகாது; சொட்டுச் சொட்டாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே அந்த ஆண்டுகளில் குடாநாட்டின் ஒவ்வொரு காரும் சுழலும், ஆனால் இயங்காது. அது பழுதன்று, அன்றாட நிலை.

எங்கள் மெக்கானிக்குகள் இதற்கு வழி கண்டார்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிக் காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விடுவது; எஞ்சின் பெற்றோலில் பற்றிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. வைத்தியசாலைச் சேலைன் குழாயும் சிறு போத்தலும் இதற்குக் கருவிகளாயின. புகை வெண்மையாய் எழும், கண் எரியும். ஆனால் வாகனம் ஓடும்.

இதே தத்துவத்தை 1917இல் உற்பத்திக்கு வந்த போர்ட்சன் உழவு இயந்திரத்திலும் காணலாம். அது பெற்றோலில் கிளம்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் உழுதது. அதற்கென்றே எஞ்சினின் வெப்பத்தால் எண்ணெயை ஆவியாக்கும் பகுதியும் அதில் இருந்தது. எங்கள் ஒஸ்ரினில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் குறையைக் கைத்திறனாலும் பொறுமையாலும் நிரப்பினோம்.

1993ஆம் ஆண்டின் மழைக்கால இரவொன்று. அயல்வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி. வாடகைக் கார் வந்து ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டிய நேரத்தில் அணைந்துபோனது. பற்றரியை நம்ப முடியாது. கைப்பிடிக் கம்பியால் மாறிமாறிச் சுற்றினோம். பெற்றோல் போத்தலில் இரண்டு விரல் அளவே எஞ்சியிருந்தது. "இன்னும் கொஞ்சம் விடுவம் அண்ணை" என்றேன். சாரதி போத்தலை என் கையிலிருந்து வாங்கித் தூர வைத்தார்.

"எல்லாத்துக்கும் மண்ணெண்ணெயைக் குற்றம் சொல்லாதை தம்பி. முதல்ல பிளக்கைப் பாப்பம். அந்த விளக்கைத் தள்ளிப் பிடி."

ஜாம் போத்தல் விளக்கைத் தள்ளிப் பிடித்தேன். கழற்றிய பிளக் நனைந்திருந்தது. எரிபொருள் உள்ளே போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பிளக்கை எஞ்சின் உலோகத்தோடு அணைத்துவைத்துக் கம்பியைச் சுற்றச் சொன்னார். தீப்பொறி இல்லை. அவர் டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்தார். உள்ளே ஈரம், பொயின்ற் முனைகள் கருகியிருந்தன. துணியால் துடைத்து, முனைகளை அரத்தாளால் உரசி, இடைவெளியை ஒரு தடித்த அட்டைத் துண்டால் அளந்து சரிசெய்தார். நான்கு பிளக்குகளையும் உலர்த்திப் பூட்டினார். பிறகே அந்த இரண்டு விரல் பெற்றோலில் பாதியை விட்டார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பற்றியது. விடியுமுன் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

நான் கேட்டபடி பெற்றோலை விட்டிருந்தால் போத்தல் வெறுமையாகியிருக்கும். கார் அங்கேயே நின்றிருக்கும். அந்நாள்களில் எல்லாக் கேள்விகளுக்கும் எங்களிடம் ஒரே பதில் இருந்தது: தடை. அது பெரும்பாலும் சரியான பதிலாகவும் இருந்தது. அதனாலேயே வேறு காரணங்களைத் தேடும் பழக்கம் எங்களை விட்டுப் போயிருந்தது. பின்னாளில் செய்தி எழுதும்போது அந்தச் சாரதியை அடிக்கடி நினைத்திருக்கிறேன். தெரிந்த காரணம் கண்முன் நிற்கும்போதும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இதை ஒரு வீரகாதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்தது. பிளக்குகளில் கரி படிந்தது. எஞ்சின்கள் உரிய காலத்துக்கு முன் தேய்ந்தன. அந்தப் புகையை நாங்களும் சுவாசித்தோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மழையில் நனைந்த அந்தச் சனத்திரளுக்கு இடையே இத்தகைய கார்களும் ஊர்ந்தன. வன்னியில் தடை 2002இன் தொடக்கம்வரை நீடித்தது.

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது, "அப்போதுபோல மண்ணெண்ணெயில் ஓட்ட முடியாதா?" என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். முடியாது. இன்றைய எரிபொருள் உட்செலுத்திகளும் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியும் அதைத் தாங்கா. அந்தக் கைவினை அந்தக் கார்களோடு முடிந்தது.

போரின் தேதிகளும் ஒப்பந்தங்களும் ஆவணங்களில் இருக்கின்றன. ஒரு நள்ளிரவில் பெற்றோல் போத்தலைத் தூர வைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றியவர்களைப் பற்றி எந்த ஆவணமும் பேசாது. அந்தச் சாரதி இன்று உயிரோடில்லை. அவரிடம் கற்ற பலர் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதிவைக்க, காலம் இன்னும் சிறிது மிச்சமிருக்கிறது.