லேசிக் என்னும் பெயருக்குள் இருக்கும் வரலாறு

கிட்டப்பார்வையை நீக்கும் அறுவை சிகிச்சைகள் பல இருந்தும், பேச்சுவழக்கில் 'லேசிக்' என்னும் ஒரே பெயர் மற்றவற்றை விழுங்கிவிட்டது. அதன் முழு வடிவம் 'லேசர் இன் சிட்டு கெராடோமிலியூசிஸ்'. இறுதிச்சொல் கிரேக்க வேர்களால் ஆனது. கருவிழியைச் செதுக்குதல் என்று பொருள். 'இன் சிட்டு' என்பது இலத்தீன். இருந்த இடத்திலேயே என்பது பொருள். கண்ணைச் செதுக்கும் வேலை வேறெங்கு நடக்கும்?

உண்மையில் அது வேறிடத்தில்தான் நடந்தது. ஹொசே பராக்கர் 1949இல் முன்வைத்த முறையில், கருவிழியின் மேல்தகடு சீவி எடுக்கப்பட்டு, உறையவைக்கப்பட்டு, கடைசல் எந்திரத்தில் கடையப்பட்டு, மீண்டும் கண்ணில் பொருத்தப்பட்டது.

அதே காலத்தில் ஜப்பானில் சுத்தோமு சாத்தோ கருவிழியின் உட்புறத்திலும் கீறல்களிட்டுப் பார்வையைத் திருத்தினார். உட்படலத்துச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பல ஆண்டுகள் கழித்து அவரிடம் சிகிச்சை பெற்ற பலரின் கருவிழிகள் வீங்கி மங்கின. இத்துறையின் எந்தப் புதுமையையும் இதை நினைவில் வைத்தே மதிப்பிட வேண்டும். பார்வை தெளிந்ததா என்பது சில வாரங்களில் தெரியும். காயத்தின் விலை தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்.

கத்தியின் இடத்தை ஒளி பிடித்த கதை, உணவு மேசையில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் மறுநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுசென்று, 193 நானோமீட்டர் எக்சைமர் லேசரை அவற்றின்மீது செலுத்தினார். சுற்றுப்புறம் கருகாமல் திசு துல்லியமாக நீங்கியது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய இருவரும் அவருடன் அப்பணியில் இருந்தனர். கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் 1983இல் இதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். 1988இல் மார்கரெட் மெக்டொனால்டு, புற்றுநோயால் அகற்றப்படவிருந்த, ஆனால் பார்வையுள்ள ஒரு கண்ணில் இதைச் செய்தார். அக்கண்ணை முன்வந்து அளித்தவரின் துணிவு இவ்வரலாற்றில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

அதுவே பி.ஆர்.கே.: மேற்தோலை நீக்கி, கருவிழியின் பரப்பிலேயே லேசரால் செதுக்குதல். வலி சில நாள் நீடிக்கும். பார்வை மெல்லத் தெளியும். 1990 வாக்கில் கிரீட் தீவின் இயோனிஸ் பல்லிகாரிஸ், பராக்கரின் தகட்டை முழுதாக எடுக்காமல் ஒரு மடலாகத் தூக்கி, அடியில் லேசரைச் செலுத்தி, மீண்டும் மூடினார். லேசிக் பிறந்தது. மறுநாளே பார்வை, குறைந்த வலி. பெயர் வென்றதற்கு வேறு காரணம் தேவையில்லை. எனினும் அம்மடல் பழைய வலுவுடன் ஒட்டுவதில்லை. நரம்பிழைகள் அறுபடுவதால் கண் வறளும். அரிதாக, மெலிந்த கருவிழி முன்னோக்கிப் பிதுங்கும்.

அடுத்து வந்த 'ஸ்மைல்' முறையில் மடலே இல்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள் ஒரு வில்லை வடிவத் துண்டை வரைகிறது. சில மில்லிமீட்டர் கீறல் வழியே அது உருவி எடுக்கப்படுகிறது. அமெரிக்க ஒப்புதல் 2016இல் கிடைத்தது. வறட்சி குறைவு, ஆனால் முதல் நாட்களில் லேசிக் அளவுக்குப் பார்வை விரைந்து தெளிவதில்லை.

விளம்பரங்கள் பி.ஆர்.கே.யைப் பழையது என்று ஒதுக்குகின்றன. கருவிழி மெலிந்தவர்களுக்கும், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள குத்துச்சண்டை வீரர்கள் போன்றோருக்கும் மருத்துவர்கள் இன்றும் அதையே பரிந்துரைக்கின்றனர்.