உலோக மரமும் காரைக்குடியும்

உயிருள்ளவையே வளரும் என்பது பொதுவழக்கு. ஆயின், வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் செப்புக் கம்பியைத் தொங்கவிட்டால், சிறிது நேரத்தில் அதன்மேல் வெள்ளி இழைகள் அரும்பிக் கிளைவிடுவதைக் காணலாம். வெள்ளியைத் திங்களுக்குரியதாகக் கொண்ட ஐரோப்பிய இரசவாதிகள், திங்கள் தெய்வத்தின் பெயரால் இதனை 'டயானா மரம்' என்றனர்.

இதன் காரணம் என்னை? செம்பு தன் எலெக்ட்ரான்களை வெள்ளி அயனிகளுக்குக் கொடுத்துவிட்டுக் கரைகிறது. அவற்றைப் பெற்ற வெள்ளி உலோகமாகப் படிகிறது. 1800இல் வோல்டா மின்னடுக்கை அமைத்தபின், மின்னோட்டத்தைக் கொண்டே உலோகங்களைப் படியவைக்க இயன்றது. செலுத்திய மின்னின் அளவுக்கேற்பவே படியும் உலோகத்தின் நிறை அமையும் என்பதை 1830களில் ஃபாரடே நிறுவினார்.

மெல்லப் படியவிட்டால் ஒழுங்கான முலாம் கிடைக்கும். விரைவுபடுத்தினாலோ, அயனிகள் வந்து சேருமுன் அவற்றின் தேவை மிகுந்துவிடும். அந்நிலையில் மேடாக நிற்கும் நுனியே அவற்றை முதலிற் பெறுகிறது. பள்ளம் பட்டினி கிடக்கிறது. நுனி நீள்கிறது, அதில் புதுக்கிளை தோன்றுகிறது.

இதனால் நம் பினாங்கிற்கு என்ன? 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தது முதல், இங்கு மின்னணுத் தொழில் பெருகிற்று. சுற்றுப்பலகையில் ஈரமும் மின்னழுத்தமும் கூடினால், இரு தடங்களிடையே இவ்வுலோகக் கிளை படர்ந்து பலகையைப் பழுதாக்கும். அதே வளர்ச்சியை அடக்கியாளவும் கூடும். 1970இல் பாசின் என்னும் அறிஞர், மைக்காத் தகட்டின் நுண்துளைகளில் வெள்ளீயம் முதலியவற்றை மின்னாற் படியவைத்து, 40 நானோமீட்டர் அளவு நுண்ணிய கம்பிகளை உருவாக்கினார். ஒரு மில்லிமீட்டரை 25,000 கூறாக்கினால் ஒரு கூறு அவ்வளவே. துளையே அச்சாகி நின்று கிளையைத் தடுத்தது.

இத்தகைய மின்வேதியியலை ஆராயத் தமிழ்நாட்டிலேயே ஒரு நிலையம் உண்டு. மலாயாவிலும் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த வள்ளல் அழகப்பர், அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் ஈந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அந்நிலையமே காரைக்குடியில் இன்று 'சிக்ரி' என வழங்குவது.

செல்வர் கடமையை அழகப்பர் செய்தார். ஆசிரியர் கடமை எஞ்சி நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். தாம் கையாளும் பொருளின் இயல்பறிந்தவராய் அவர்கள் செல்லவேண்டாவா? மயில்துத்தக் கரைசலும் ஓர் இரும்பாணியும் போதும். ஆணிமேல் செம்பு படிவதை மாணவர் தம் கண்ணாற் காண்பர். அப்பொழுதே அயனி, படிவு என்னும் சொற்களைச் சொல்லுங்கள். அறிவியலுக்குத் தமிழ் போதுமோ என்று ஐயுறுவார்க்கு அவ்வகுப்பறையே விடை கூறும்.