அரக்கும் கொச்சினீலும்: இரு பூச்சிகளின் வணிக வரலாறு

தாவரச் சாற்றை உறிஞ்சி வாழும் செதில்பூச்சிகளுள் இரண்டு இனங்கள் உலக வணிகத்தில் தனியிடம் பெற்றவை: சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூவம், புரசு, இலந்தை ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் வாழும் அரக்குப்பூச்சி ஒன்று, மெக்சிகோவின் வஹாக்கா மேட்டுநிலத்தில் சப்பாத்திக் கள்ளியின் மடல்களில் வாழும் கொச்சினீல் பூச்சி மற்றொன்று. இரண்டிலும் பெண்பூச்சிக்கு இறகில்லை. ஊசி போன்ற வாயுறுப்பைச் செடிக்குள் செலுத்தி ஓரிடத்தில் ஊன்றிவிட்டால் பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்து மடியும். ஆயினும் அரக்குப்பூச்சி தன்னைச் சுற்றிக் கெட்டியான பிசினைக் கசியவிட்டு அதனுள் மறைந்துகொள்ள, கொச்சினீலோ மாவு தூவியது போன்ற வெண்மெழுகை மட்டுமே போர்த்திக்கொள்கிறது. அதை நகத்தால் நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாறு பீறிடும். முன்னதில் மனிதர் முதன்மையாக நாடியது கூட்டை, பின்னதில் உடலை. இரு வணிகங்களின் பிற்கால விதியையும் இவ்வேறுபாடே தீர்மானித்தது.

மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியர், உலர்த்திய கொச்சினீலை வெள்ளிக்கு அடுத்த பெருமதிப்புள்ள ஏற்றுமதிப் பொருளாக்கினர். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் தேவைப்பட்டன. இவ்வணிகத்தில் ஸ்பானியருக்கிருந்த தனியுரிமையை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பூச்சியோ சாயம் குறைந்த வேறோர் இனம். அது எதிர்பார்த்த சாயத்தைத் தராமல், தான் உண்ட கள்ளியையே அழித்தது. பின்னர் கள்ளிப்புதர்களை ஒழிப்பதற்கென்றே அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரப்பப்பட்டது. களையைப் பூச்சியால் கட்டுப்படுத்தும் முறையின் தொடக்கம் இதுவே என்பர். வஹாக்கா உழவர்கள் தலைமுறைகளாகத் தேர்ந்து பேணிய இனத்தையும் அவர்களது வளர்ப்பறிவையும் விட்டுவிட்டு, ஏதோ ஒரு பூச்சியைக் கப்பலேற்றினால் போதும் என்று கருதியதே கம்பெனியின் பிழை.

அரக்கின் சிவப்புச் சாயத்தையும் கம்பெனி கொச்சினீலுக்கு மாற்றாக விற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயங்கள் பெருகியபோது இரண்டின் சாய வணிகமும் சரிந்தது; ஆனால் அரக்கைக் காத்தது அதன் பிசின். ஷெல்லாக் எனப்படும் தகட்டரக்கு, மரப்பூச்சுக்கும் 1950கள் வரை இசைத்தட்டுகளுக்கும் மூலப்பொருளானது. 1924இல் ராஞ்சிக்கருகே நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அரக்கு இன்றும் கைக்காசு தரும் காட்டு விளைபொருளாக இருக்கிறது.