கொடிமரம் இறக்கப்பட்ட நாள் முதல்: சென்னையில் புயல் பார்த்தோர் வரலாறு

ஐப்பசித் தொடக்கத்தில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு உருவானதும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் வாழும் வானிலை ஆர்வலர்கள் எழுப்பும் முதல் கேள்வி அதன் வலிமையைப் பற்றியதாக இருப்பதில்லை; அது சென்னைக்கு வடக்கே கரையேறுமா, தெற்கே கரையேறுமா என்பதுதான் அவர்களுடைய கவலை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள் நகரும் திசைக்கு எதிராகச் சுழல்வதால், கிழக்கிலிருந்து நெருங்கும் புயலின் வடபுறத்தில் காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நிலத்துக்குள் வருகிறது. தென்புறத்திலோ நிலத்திலிருந்து கடலை நோக்கி வறண்டு வீசுகிறது. ஆகவே மரக்காணத்தில் கரையேறும் சாதாரணத் தாழ்வு மண்டலம் சென்னைத் தெருக்களை மூழ்கடிக்கக்கூடும். நெல்லூரில் கரையேறும் பெரும்புயல் வெறும் மேகமூட்டத்தோடு நகரைக் கடந்துவிடவும் கூடும். இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சிகளின் வரலாறு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நீள்வது. அதில் அரசுத் துறையைவிட ஆர்வலருக்கே மூப்பு அதிகம்.

வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திலேயே வந்துவிடும் புயல் எவ்வளவு பொல்லாதது என்பதை மதராஸ் 1746இல் கண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே, மீட்புத்தொகை குறித்துப் புதுச்சேரி ஆளுநர் தியூப்ளேயோடு பிணக்குப்பட்டு நாட்களைக் கடத்திக்கொண்டிருந்த வேளையில், அக்டோபர் 13ஆம் நாள் இரவு வீசிய புயல் நங்கூரமிட்டிருந்த அவருடைய கப்பற்படையைச் சிதைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடலுக்குப் பலி கொடுத்தது. துறைமுகமே இல்லாத ஊர் அது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலை தாண்டிச் சென்று சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தன. கணிக்கும் வழி ஏதும் இல்லாத நிலையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் நாட்காட்டியையே காவலாக வைத்துக்கொண்டனர். ஆண்டுதோறும் அக்டோபர் 15ஆம் நாள் கோட்டைக் கொடிமரம் இறக்கப்பட்டால் கப்பல்கள் எல்லாம் விலகிச் செல்ல வேண்டும் என்பது பொருள்; டிசம்பர் 15ஆம் நாள்தான் அது மீண்டும் ஏற்றப்படும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராசுக்கு வந்த பயண எழுத்தாளர் மரியா கிரகாம் இவ்வழக்கத்தைக் குறித்து வைத்துள்ளார். அக்டோபர் 13ஆம் நாள் வரும் புயலுக்கு இந்த ஏற்பாட்டால் பயன் எதுவுமில்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நாட்காட்டியிலிருந்து கருவிக்கு மாறியது ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்கால் நிகழ்ந்தது. கும்பினி அதிகாரியான வில்லியம் பெட்ரி, 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடத்தை அமைத்தார். அதன் கருவிகள் பின்னர் கும்பினியின் கைக்கு வர, 1792இல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகம் எழுந்தது. அங்கு நடப்பட்ட, 18 அடி உயரமும் 10 டன் எடையும் கொண்ட கருங்கல் தூணில், ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோருக்கும் தங்கள் பெருமை தெரியட்டும் என்று தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுதி வைத்தவர்களின் தன்னம்பிக்கை சற்று மிகையானதுதான். ஆனால் தூணைவிட உறுதியாக நிலைத்தது அங்கு எழுதப்பட்ட கணக்கேடு. முதல் வானியலாளரான ஜான் கோல்டிங்காம் 1796 முதல் வெப்பம், காற்றழுத்தம், காற்றின் திசை ஆகியவற்றைப் பதிவு செய்யத் தொடங்கினார்; மழைக் கணக்கு 1813 முதல் தொடர்கிறது.

கோல்டிங்காமின் பொறுமைக்கு ஒரு சான்று தனியே குறிப்பிடத்தக்கது. கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது அக்கால வழக்கம். 1820களின் தொடக்கத்தில் நுங்கம்பாக்கத்தில் இருந்தபடியே, வெடியின் ஒளி தெரிந்த கணத்துக்கும் ஓசை வந்து சேர்ந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை நாள் தவறாமல் அளந்து, அதை அன்றைய வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் காற்றின் திசையோடும் ஒப்பிட்டு, ஒலியின் வேகம் காற்றின் நிலைக்கேற்ப மாறுவதை அவர் காட்டினார். ஊரார் நேரம் அறியக் காதில் வாங்கிய வெடியோசையை ஒருவர் காற்றை அளக்கும் கருவியாக்கிக்கொண்டார் என்பது, இந்நகரின் வானிலை ஆர்வத்துக்கு ஏற்ற தொடக்கமாகவே படுகிறது.

அளந்ததால் மட்டும் ஆபத்து நீங்கிவிடவில்லை: 1872 மே 2ஆம் நாள் புயலில் திறந்த கடலில் நின்ற பல கப்பல்கள் கரையில் மோதி அழிந்தன. 1876இல் தொடங்கிய செயற்கைத் துறைமுகப் பணி முடியும் தறுவாயில் இருந்தபோது, 1881 நவம்பரில் வந்த புயல் அலைதடுப்புச் சுவர்களை உடைத்தெறிந்தது. இதற்கிடையே 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. தந்தி வழியாகப் பல ஊர்களின் காற்றழுத்தத்தை ஒரே நாளில் ஒரே வரைபடத்தில் குறிக்க முடிந்தது. 1898இல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகையான எச்சரிக்கை முறை வந்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டு என நாளேடுகள் எழுதுவது இதைத்தான்: பகலில் கூம்பும் உருளையுமான அடையாளங்களும் இரவில் வண்ண விளக்குகளும் துறைமுகக் கம்பத்தில் ஏற்றப்படும், அவற்றுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு.

எண் ஏறினால் புயலின் வலிமையும் அதே அளவில் ஏறுகிறது என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவு அபாயத்தையே குறிக்கின்றன. புயல் செல்லும் பாதையின் இடப்பக்கத்தில் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கத்தில் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமானால் 7. பேரபாயத்துக்குரிய 8, 9, 10 ஆகியவற்றிலும் இதே பாகுபாடு. கடைசியான 11ஆம் எண், எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதைக் குறிப்பது. ஆக, வடக்கா தெற்கா என்ற கேள்வி நூறாண்டுக்கு முன்பே அந்தக் கம்பத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மாலுமிகள் மட்டுமே.

கரையோரக் குப்பங்களுக்குக் கம்பம் தேவைப்படவில்லை. நொச்சிக்குப்பம் முதல் அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர்க் குப்பம் வரை வாழும் மீனவர், வடக்கிலிருந்து வீசும் காற்றை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து அடிப்பதைக் கச்சான் என்றும் பிரித்தறிவர். புயல் கிழக்கே கடலில் இருக்கும்போது சென்னைக் கரையில் வாடை முறுகும். அது கொண்டலாகத் திரும்பினால் புயல் தெற்கே கரையேறுகிறது, கச்சானாகத் திரும்பினால் வடக்கே போகிறது. மயிலாப்பூர் மாடவீதிகளின் பஞ்சாங்க மரபு வேறு வகைப்பட்டது. இவ்வளவு மரக்கால் மழை என்று, நெல் அளக்கும் அளவையாலேயே ஆண்டின் மழையைச் சொல்வதும், மார்கழியில் கர்ப்போட்டம் பார்ப்பதும், அதாவது மேகம் சூல்கொள்வதாகக் கருதப்படும் நாட்களின் வானத்தைக் கொண்டு வரும் ஆண்டின் மழையைக் கணிப்பதும் அதன் கூறுகள். ஆண்டு முழுமைக்கும் பேசும் இம்முறை, நாளை கரையேறும் புயலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

1970களில் சென்னையில் புயல் ராடார் நிறுவப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் டாப்ளர் ராடார் வந்தது. இது திரும்பி வரும் அலையின் மாற்றத்தைக் கொண்டு, மழைத்துளிகள் ராடாரை நெருங்குகின்றனவா விலகுகின்றனவா என்பதையும் அளக்கவல்லது. அறிக்கை மக்களை அடைந்தது தொலைக்காட்சி வழியாக. புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016இல் ஓய்வுபெற்ற எஸ். ஆர். ரமணன், பள்ளி விடுமுறைக்காகக் காத்திருந்த மாணவர்களிடையே திரை நட்சத்திரத்துக்கு இணையான புகழ் பெற்றார். அவ்வறிக்கைகளில் ஓயாது வந்த ‘ஓரிரு இடங்களில்’ என்ற தொடரைக் கேலி செய்யாதவர் குறைவு. உண்மையில் அது மழுப்பல் அன்று. ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்பதற்கான துறைச்சொல். ஆனால் அந்த நான்கில் ஒரு பங்குக்குள் தன் தெரு அடங்குமா என்று அறிய விரும்பியவருக்கு அச்சொல் போதவில்லை.

அப்போதாமையிலிருந்து பிறந்தவர்களே இன்றைய ஆர்வலர்கள். ராடார் படங்களும் உலக மாடல்களும், அதாவது கணினியில் காற்று மண்டலத்தையே கணக்கிட்டு ஓட்டிப் பார்க்கும் முன்கணிப்புகளும், 2000களின் பிற்பாதியில் பொதுமக்களுக்கு எட்டியபோது, வேறு தொழில் பார்த்துக்கொண்டிருந்த சிலர் இரவு நேரங்களில் அமெரிக்க மாடலையும் ஐரோப்பிய மாடலையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினர். இவர்களுள் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என அறியப்பட்ட பிரதீப் ஜான் பரவலான புகழ் பெற்றார். காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, சென்னை மாவட்டங்களைச் சேர்த்துக் ‘கேடிசிசி’ என்று அழைப்பது போன்ற தனிவழக்குகளும் உருவாயின. வடக்கா தெற்கா என்ற கேள்வியின் பொருள் கண்முன் தெரிந்த நாளும் வந்தது: 2012 அக்டோபர் 31ஆம் நாள் மாமல்லபுரத்தருகே, நகருக்குத் தெற்கே, நீலம் புயல் கரையேறியபோது, வடபுறத்துக் கடற்காற்று ‘பிரதீபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பலைப் பெசன்ட் நகர்க் கரைக்குத் தள்ளிவந்து நிறுத்தியது. உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் சிலர் இறந்தனர்.

2015 ஆர்வலர்களின் இடத்தையே மாற்றிவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 104.9 செ.மீ. மழை பெய்தது, 1918 நவம்பரின் 108.8 செ.மீ. ஒன்றே அதை விஞ்சி நின்றது. இவ்வொப்பீட்டைச் செய்ய முடிந்ததே நுங்கம்பாக்கத்துப் பழைய கணக்கேட்டின் கொடை. டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்ட, அடையாறு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. 20 செ.மீ.க்கு மேற்பட்ட எதுவும் ‘அதி கனமழை’ என்ற ஒரே வகுப்புக்குள் அடங்குவதால், 21 செ.மீ.க்கும் 49 செ.மீ.க்கும் அறிக்கையில் வேறுபாடு தெரிவதில்லை. பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் எழுப்பப்பட்ட தியாகராய நகரின் தாழ்வான தெருவில் வாழ்பவருக்கோ வாழ்வே அந்த வேறுபாட்டில் தொங்குகிறது.

இந்த அச்சத்தின் முழு வடிவம் 2024 அக்டோபர் நடுவில் வெளிப்பட்டது. வடகிழக்குப் பருவமழை 15ஆம் நாள், அதாவது பழைய கொடிமரம் இறக்கப்பட்ட அதே தேதியில் தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது. சென்னைக்கும் அண்டை மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன, கடைகளில் பாலும் ரொட்டியும் தீர்ந்தன, வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரங்களிலும் கார்கள் வரிசையாக ஏற்றி நிறுத்தப்பட்டன. 15ஆம் நாள் மழை நன்றாகவே பெய்தது. ஆனால் 16ஆம் நாள் மேகத்திரள் வடக்கே ஒதுங்க, ஆர்வலர்கள் பேரபாயம் விலகியதாகச் சொல்லத் தொடங்கினர். 17ஆம் நாள் அதிகாலையில் தாழ்வு மண்டலம் சென்னைக்குச் சற்று வடக்கே கரையேறியது. நகரம் பாதையின் இடப்பக்கத்தில், வறண்ட பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டது. எதிர்பார்த்த பெருமழை வராததால் எழுந்த ஏளனம் நியாயமானதன்று; ஏனெனில் கரையேறும் புள்ளி தெற்கே சிறிதளவு நகர்ந்திருந்தால் கார்களை மேம்பாலத்தில் நிறுத்தியவர்களே அறிவாளிகளாகியிருப்பர்.

கணிப்பைவிட அளவீட்டில்தான் ஆர்வலரின் பங்கு நீடிக்கும் என்று கொள்ள இடமுண்டு. நெடுங்காலம் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் மட்டுமே நகரின் மழைக்கு அதிகாரப்பூர்வச் சான்றாக இருந்தன. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மழை பாதியாகிவிடும் ஊரில் இது போதாது. மொட்டைமாடிகளில் மழைமானி வைத்திருப்போர், துறையின் வழக்கப்படியே காலை 8.30க்கு அளவெடுத்து, முந்தைய 24 மணி நேரத்தின் மழையாக அதைக் குறிக்கின்றனர். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். கைப்பிடிச் சுவரின் மறைவும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் அளவைக் கெடுக்கும் என்பதால் இக்கணக்குகளை அப்படியே ஏற்க இயலாது. எனினும் அடையாற்றுக்கும் தியாகராய நகருக்கும் உள்ள வேறுபாட்டை அவையே முதலில் காட்டுகின்றன.

வடக்கா தெற்கா என்ற பழைய கேள்வியோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. கரையை ஒட்டி மெல்ல ஊர்ந்து சென்று ஆந்திரத்தின் பாபட்லாவை அடைவதற்குள் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்துவிட்டது. 2024 நவம்பரின் இறுதியில், புயலாகுமா ஆகாதா என்று பல நாட்கள் போக்குக் காட்டிய ஃபெஞ்சல், 30ஆம் நாள் இரவு நகருக்குத் தெற்கே புதுச்சேரியருகே கரையேறியது. விதிப்படி வடபுறத்திலிருந்த சென்னையில் மழை கொட்டி விமான நிலையம் மூடப்பட்டது; ஆனால் புயல் அங்கேயே நகராமல் நின்றுவிட்டதால் பெருமழை புதுச்சேரிக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது, மயிலத்தில் 51 செ.மீ. பதிவாயிற்று. எங்கே கடக்கும் என்பதோடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் ஆர்வலர்கள் அதன்பின் சேர்த்தே பார்க்கின்றனர். துறைமுகக் கம்பத்தின் 11 எண்களில் இதற்கென ஓர் எண் இல்லை.