அப்பாவோட எக்ஸ்சேஞ்சும் ஆயிரம் ரூபாய் டாங்கிளும்

போன மழைக்காலத்துல அப்பா திருநெல்வேலியிலிருந்து எங்க செம்பூர் வீட்டுக்கு வந்திருந்தார். அவரோட பழைய போன் மழைத்தண்ணி குடிச்சுப் போய்ச் சேர்ந்துட்டதால புதுசு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரிச்சவர் போனை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏலே, ஹெட்போன் சொருகுத ஓட்டை எங்கலே?"

"இப்ப அது நிறைய போன்ல வர்றதில்லப்பா. புளூடூத்துதான்."

அதையும் வாங்கிக் கொடுத்தேன். நாலு நாள்தான். ஒரு பக்கத்து இயர்பட் காதுல நிக்கல, இன்னொண்ணு சோபாவுக்கு அடியில கிடந்தது. தன்னோட பழைய வயர் ஹெட்போனைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுப் பெட்டிக்குள்ள வச்சுட்டார். "அது கெட்டுப் போகலியே"ன்னு மட்டும் சொன்னார். சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. இதுதான் உறுத்துச்சு.

மறுநாள் ஸ்டேஷன் வாசல்ல 150 ரூபாய்க்கு ஒரு டைப்-சி அடாப்டர் வாங்கினேன். சொருகினா மூச்சே விடல. ஏன்னு தேட ஆரம்பிச்சவன், 1878 வரைக்கும் பின்னாடி போயிட்டேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

அப்பா 1974-ல பி அண்ட் டி-யில டெலிபோன் ஆபரேட்டரா சேர்ந்தவர். ட்ரங்க் கால் காலம். எதிரே பலகை முழுக்க ஓட்டைகள், கையில கார்டு, கார்டு முனையில பித்தளை பிளக். யார் கேக்குறாங்களோ அந்த ஓட்டையில சொருகினா லைன் கிடைக்கும். சொருகுறதுக்கு முன்னாடி பிளக்கோட முனையால ஓட்டையோட விளிம்பை லேசாத் தொட்டுப் பார்ப்பாங்களாம். காதுல 'டிக்'னு கேட்டா லைன்ல வேற யாரோ இருக்காங்கன்னு அர்த்தம்.

முதல் வணிக எக்ஸ்சேஞ்ச் அமெரிக்காவுல நியூ ஹேவன்ல 1878-ல வந்தது. 1882-லயே கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணு ஊர்லயும் வந்துடுச்சு. அந்தப் பலகைகளுக்காகப் பிறந்ததுதான் கால் அங்குல பிளக், அதாவது 6.35 மில்லிமீட்டர். கிடார்லயும் பெரிய ஆம்ப்ளிபயர்லயும் இன்னிக்கும் அதே அளவுதான். அதோட தம்பிதான் 3.5 மில்லிமீட்டர். டிரான்சிஸ்டர் ரேடியோவோட பரவி, 1979-ல சோனி வாக்மேன் மூலமா உலகம் முழுக்க ஸ்டீரியோவாப் போய்ச் சேர்ந்தது. முனை, வளையம், உறைன்னு அதுல இருக்குற மூணு பாகத்துக்கும் பேரே எக்ஸ்சேஞ்ச்ல வச்ச பேருதான்: டிப், ரிங், ஸ்லீவ். ஹெட்போன்ல டிப் இடது காது, ரிங் வலது காது, ஸ்லீவ் ரெண்டுக்கும் பொது.

ஓட்டை மட்டும்தான் டெலிபோன்காரங்க கொடுத்ததுன்னு நினைச்சேன். டிஜிட்டலும் அவங்க கொடுத்ததுதான்! 1937-ல பாரிஸ்ல ஐடிடி கம்பெனியில வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ்னு ஒரு இங்கிலாந்துப் பொறியாளருக்கு ஒரு யோசனை. குரலை அலையாவே அனுப்பினா வழியில இரைச்சல் சேருது. அதுக்குப் பதிலா நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து, அந்த எண்களை அனுப்பினா? அந்தப் பக்கம் எண்களை மறுபடி அலையா மாத்திக்கலாம். அந்த மாத்துற வேலைக்குப் பேருதான் டிஏசி, செல்லமா 'டாக்'. ஆனா வால்வு காலத்துல அதை மலிவா செய்ய வழியில்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு, 1962-லதான் அமெரிக்க டெலிபோன் லைன்கள்ல ஓட ஆரம்பிச்சது.

டெலிபோனுக்கு நொடிக்கு 8,000 தடவை அளந்தாப் போதும். 1982-ல வந்த சிடி-க்கு 44,100 தடவை, ஒவ்வொரு அளவும் 16 பிட்.

இங்கே 1984-ல சி-டாட் வந்தது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொரு ஊரா வந்து, அப்பா கையிலிருந்த கார்டை வாங்கிக்கிச்சு. அவரை வேற செக்‌ஷனுக்கு மாத்தினாங்க. அதைப் பத்தி அவர் அதிகம் பேசினதில்லை.

இனி போன் கதை. டாக் எப்பவும் போனுக்குள்ளதான் இருந்தது, ஓட்டை அதோட வாசல். 2012-ல ஆப்போ பைண்டர் மாதிரி ஒண்ணு ரெண்டு ஒல்லிப் போன்கள் வாசலை அடைச்சுப் பார்த்தது. 2016 செப்டம்பர்ல ஐபோன் 7 அடைச்சது. அதே மேடையில வயரில்லா ஏர்பாட்ஸையும் அறிவிச்சாங்க. (நல்லா யோசிச்சுப் பாருங்க!) 2017-ல கூகுள் பிக்சல் 2, 2019-ல சாம்சங் நோட் 10.

வாசல் அடைச்சதும் டாக் வெளியே வந்து, வால் முளைச்சு, டாங்கிள் ஆச்சு. அதுக்கு முன்னாடியே 2012-ல கம்ப்யூட்டருக்குன்னு ஆடியோக்வெஸ்ட் டிராகன்பிளை வந்தப்ப விலை 249 டாலர். அதுக்கும் முந்தின வருஷம், முகம் காட்டாத ஒரு பொறியாளர் 'ஓ2'ன்னு ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிபயர் வரைபடத்தை எல்லாரும் செஞ்சுக்கலாம்னு வெளியிட்டார். நல்ல ஒலிக்கு ஆயிரக்கணக்கான டாலர் தேவையில்லை, அளந்து பாருங்கங்கறதுதான் அவர் வாதம். 2018-ல ஆப்பிளோட சின்ன டைப்-சி டாங்கிள் 9 டாலருக்கு வந்தப்ப, அளந்து பார்த்தவங்க அசந்துட்டாங்க. சிடி-யில இருக்குறதைக் கெடுக்காம கொடுக்குற அளவுக்கு அது சுத்தம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுக்கறது?

முதல்ல, உள்ளே டாக் சிப் இருக்கான்னு பாருங்க. நான் 150 ரூபாய்க்கு வாங்கினது வெறும் வயர். போனே அலையை டைப்-சி வழியா வெளியே விட்டாதான் அது வேலை செய்யும், நிறைய போன்கள் விடாது. கடைக்காரர் மேல தப்பில்லை, நான் கேட்டு வாங்கல.

ரெண்டாவது, சக்தி. டாங்கிள் கொடுக்குற வோல்ட்டை அதாலேயே பெருக்கி, ஹெட்போனோட ஓம்ஸால வகுங்க. 1 வோல்ட், 32 ஓம்ஸ்னா 31 மில்லிவாட். சாதாரண ஹெட்போனுக்கு இதுவே காதைக் கிழிக்கும். அதே 1 வோல்ட் 300 ஓம்ஸ் ஸ்டூடியோ ஹெட்போனுக்கு 3.3 மில்லிவாட்தான். அப்படி ஒண்ணு வச்சிருந்தா 2 வோல்ட் டாங்கிள் பாருங்க.

மூணாவது, டாங்கிளோட அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போன் ஓம்ஸ்ல எட்டுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். 32-க்கு 4.

நாலாவது, மைக். விலை கூடின பல டாங்கிள்கள்ல மைக் வசதி கிடையாது. ஊருக்குப் பேசணும்னா இதைக் கேட்டு வாங்குங்க.

அஞ்சாவது, மேல சொன்ன ஆப்பிள் டாங்கிளைப் பல ஆண்ட்ராய்டு போன்ல போட்டா சத்தம் பாதிதான் வரும். திருப்பிக் கொடுக்குற வசதி இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

அட்டையில 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா மயங்க வேண்டாம். நாம கேக்குற பாட்டு பெரும்பாலும் 16 பிட்தான்.

இவ்வளவு உபதேசம் பண்றவன் என்ன செஞ்சேன்னு கேளுங்க. அப்பாவுக்கு ஆயிரம் ரூபாய் டாங்கிள், எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய் டாங்கிள்! "காது உனக்கு மட்டும்தான் இருக்கா?"ன்னாங்க தங்கமணி.

பரீட்சை வச்சோம். சத்தம் கூட இருக்குறதுதான் நல்லா இருக்குற மாதிரித் தோணும், அதனால முதல்ல சமப்படுத்தணும். ரெண்டு டாங்கிள்லயும் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரால அப்பாவே வோல்ட்டைச் சரிபார்த்தார். அந்த ஹெர்ட்ஸ்ல சாதாரண மீட்டரும் ஏசி-யை ஒழுங்கா அளக்கும். நான் கண்ணைக் கட்டிக்கிட்டேன், தங்கமணி மாத்தி மாத்திப் போட்டாங்க. பத்துக்கு அஞ்சு சரி. காசு சுண்டிப் போட்டாலும் அதே அஞ்சுதான் வரும்.

ஒன்பதாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பாக்கிட்ட, "உங்க கார்டைப் புடுங்கின டிஜிட்டல் இந்தச் சிப்புக்குள்ள இருக்குப்பா. இந்தப் பக்கம் இருக்குறது உங்க ஓட்டை"ன்னேன். டாங்கிளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்தார். ரப்பர் பேண்டைக் கழட்டி, ஹெட்போன் பிளக்கோட முனையால ஓட்டை விளிம்பை லேசாத் தொட்டார். அப்புறம் சொருகினார்.

"லைன் ப்ரீயாத்தாம்லே இருக்கு"ன்னார்.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கல. வீட்டுல பழைய வயர் ஹெட்போன் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, அவ்வளவுதான்.